ஆளுக்கொரு தகடு

ஐந்து வெடி வைத்தாள். ஆறு தரம் இரும்பு அடித்தது.

றோசலின் துவக்கைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். ஐம்பது காலடி தள்ளி, மண் அணைக்கு முன்னால், மரச் சட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்த தகடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எண்ணிக்கை பிழைக்காது. கனடாவில், ஸ்காபரோவில் இரும்பு அமுக்கும் மெசினுக்கு முன்னால் மூன்று வருஷமாக நிற்பவள். ஒவ்வொரு அடியையும் காது தானாக எண்ணும். வீட்டில் படுத்திருந்தாலும் எண்ணும்.

"அஞ்சும் பட்டிட்டு!" கனகசிங்கம் கையுறைக் கைகளைத் தட்டினார். "மட்டக்களப்புக் காட்டில பன்றிக்கு வெடி வைச்ச எனக்கே மூண்டுதான் பட்டது. நீ எங்க கா பழகின, தங்கச்சி?"

"ஆறு கேட்டது அண்ணை."

"கிடங்குதானே. எதிரொலிச்சிருக்கும்."

எதிரொலி என்றால் வெடிச் சத்தமும் ஒன்று கூடக் கேட்டிருக்க வேண்டும்.

எண்பத்தேழாம் ஆண்டு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. றிச்மண்ட் ஹில் தாண்டி வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடி வந்திருந்தார்கள். கிறவல் கல் அள்ளி முடித்துக் கைவிட்ட பள்ளக் கிடங்கு அது. சொந்தக்காரர் வால்ட்டர் அவர்கள் வேலை செய்யும் பக்ரறியில் மெசின் திருத்துகிறவர்; அறுபது வயது, வலது முழங்கால் சரியில்லை. துவக்கும் அவருடையது, தகடுகளும் கழிவு இரும்பில் அவரே வெட்டியவை. வந்து சுட்டுப் பாருங்கள், வாருங்கள் என்று கனகசிங்கத்தையும் றோசலினையும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கனகசிங்கம் மனைவி பரிமளத்தையும் கூட்டி வந்துவிட்டார். மூன்று பேரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடம்.

காலையில் பூசை முடிந்து கோயிலால் இறங்கும்போது சிநேகிதி கிளடிஸ் மறித்துக் கேட்டாள். "உமக்கென்ன விசரோ? அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனீர்?"

"ஓம். அதுக்குத்தான் போறன். ஒருக்கா என்ரை கையாலை அந்தச் சத்தத்தைப் போடவேணும்."

மன்னாரில் ஓர் இரவு முழுக்கச் சீமெந்து நிலத்தில் கன்னத்தை அழுத்தி, தெருவில் கேட்ட வெடிகளை எண்ணிக்கொண்டு கிடந்தவள் அவள். விடிந்து எழும்பியபோது கன்னத்தில் நிலத்தின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. அதற்குப் பிறகு றோசலின் எந்தச் சத்தத்துக்கும் குனிந்ததில்லை. அதைத் துணிவு என்று அவள் நினைக்கவில்லை. வெறும் வீம்பு. ஆனால் அந்த வீம்பில்தான் இந்த நாட்டில் காலூன்றி நின்றாள்.

மைனஸ் பதினெட்டுக் குளிர். மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் ஒட்டிக்கொண்டது. கிடங்கின் மூன்று பக்கமும் மண் சுவர், நாலாவது பக்கம் அவர்கள் இறங்கி வந்த பாதை, அங்கே ஒரு கிறவல் குவியலுக்குப் பின்னால் அவர்கள் வந்த வான் வண்டி நின்றது. பனியில் நாலு செம்மஞ்சள் கயிறுகள் நேராக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன, ஒவ்வொரு தகட்டிலிருந்தும் சுடும் இடம் வரை ஒன்று. உன் கயிற்றிலேயே நில், உன் தகட்டுக்கு நேரேயே நட, குறுக்கே போகாதே. வால்ட்டர் இதை மூன்று தரம் சொல்லிவிட்டார். பாதுகாப்புக்குத்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு தகடு. நாலு பேர், நாலு தகடு.

துவக்கை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். பரிமளம் கொண்டுவந்த றோல்ஸ் குளிரில் கல்லாய் இறுகிப்போயிருந்தது. கடித்தால் பல்லில் நெய் மெழுகு மாதிரி ஒட்டியது. வெடிமருந்தின் கருகல் மணமும் இஞ்சி மணமும் கலந்து, காற்றில்லாத அந்தக் கிடங்குக்குள் புகையாய்க் கலையாமல் நிற்க, பூட்சுக்குக் கீழே பனி நெரிபடும் சத்தமும், பரிமளத்தின் வளையல் பிளாஸ்க்கில் தட்டும் சத்தமும், எங்கோ மேலே ஒரு காகம் ஒரே ஒரு தரம் கத்திவிட்டு நிறுத்திக்கொண்டதும் எல்லாம் தனித்தனியாக, கழுவித் துடைத்தது போலக் கேட்டன.

கணீர்.

யாரும் சுடவில்லை. நாலாவது தகடு, அவளுடைய தகடு, இவர்களை நோக்கி முன்னால் வந்து பின்னால் போனது.

"குளிரில் இரும்பு சுருங்கும்," என்றார் வால்ட்டர். சொல்லும்போது அவர் தகட்டைப் பார்க்கவில்லை. தன் கயிற்றைப் பார்த்தார். ஒரு கால் வெளியே நின்றது. உள்ளே எடுத்தார்.

சுருங்கும் இரும்பு 'டிக்' என்னும். றோசலினுக்கு இரும்பு தெரியும்.

தகடுகளில் பட்ட அடையாளங்களை வெள்ளைப் பூச்சடித்து மறைத்துவிட்டு அடுத்த சுற்றுத் தொடங்குவது வழக்கம். குளிருக்குப் பயந்து பரிமளம் நின்றுகொள்ள, மற்ற மூவரும் பூச்சு டப்பாக்களோடு ஆளுக்கொரு கயிற்றில் நடந்தார்கள். றோசலின் தன் தகட்டை முன்னால் பூசிவிட்டு, ஆடாமல் இருக்கப் பின்பக்கம் கையைக் கொடுத்துப் பிடித்தாள்.

கையுறைக்கூடாகச் சுட்டது.

கையுறையைக் கழற்றி விரலால் தடவினாள். குழி. ஈயம் பூப்போலச் சிதறி ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. இரண்டும் பின்பக்கம். அந்தக் குளிரில் சுற்றியிருந்த இரும்பு தோலை உரித்தது. அந்த இரண்டு இடம் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல இருந்தது.

தகட்டுக்குப் பின்னால் இரண்டு முழத்தில் மண் அணை. அதற்கு அப்பால் எதுவுமில்லை, மண்தான். அணையில் படிந்திருந்த பனியில் அவர்களுடைய தவறிய சன்னங்கள் போன துவாரங்கள் தெரிந்தன. விளிம்பு உள்ளே மடிந்த துவாரங்கள். இரண்டு மட்டும் வேறு. அவற்றின் விளிம்பு வெளியே மலர்ந்திருந்தது. அவற்றிலிருந்து சிதறிய கரிய மண், பனியின் மேல், தகட்டை நோக்கி, அவளை நோக்கி.

"வால்ட்டர்," என்றாள், தன் பக்ரறி இங்கிலீசில். "இதுக்குள்ளை ஆர்?"

வால்ட்டர் தன் தகட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். பூச்சு டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தகட்டின் மறைவில் நின்றால் ஒன்றும் செய்யாது," என்றார். "அதற்குத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். பத்து வருஷமாக. ஆளுக்கொன்று."

"அப்ப ஏன் வாறனீர்?"

"இது என் நிலம்." டப்பாவைப் பனியில் வைத்தார். "தனியாக வர ஏலாது. ஆட்கள் கூட வந்தால் அடங்கியிருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள் என்றும் நினைத்தேன்."

றோசலினுக்கு முகம் கொதித்தது. பழகியவர்கள். அவள் வாயைத் திறக்கமுன் பின்னாலிருந்து பரிமளத்தின் குரல் கேட்டது.

"நான் வானுக்குப் போறன். கால் விறைச்சுப் போச்சு!"

திரும்பினாள். பரிமளம் தன் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடந்துகொண்டிருந்தாள். கையில் பிளாஸ்க்.

"பரிமளம், நில்லும்! அங்காலை போகாதையும்!"

வெடிச் சத்தம் இல்லை. ஒன்றுமே கேட்கவில்லை. பிளாஸ்க் உடைந்து ஆவி எழுந்தது. பரிமளம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுடைய தடித்த ஜக்கெற்றின் தோளில் ஒரு சின்ன வாய் திறந்தது. உள்ளேயிருந்த வாத்து இறகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, காற்றில்லாத இடத்தில், விழாமல் மிதந்தன.

அவள் அப்படியே குந்திவிட்டாள். மறைப்பில்லாத வெளியில்.

"என்ர அம்மாளே!" கனகசிங்கம் தன் தகட்டைக் கொக்கியிலிருந்து கழற்றப் பார்த்தார். கொக்கியில் பனி இறுகியிருந்தது. கழலவில்லை. அழுதார். மறுபடியும் இழுத்தார்.

குனி, என்றது றோசலினின் உடம்பு. முழங்கால் மடிய ஆயத்தமாயிற்று. கன்னம் நிலத்தைத் தேடியது.

"மாட்டன்," என்றாள் வாய்விட்டு. "இனி மாட்டன்."

தன் தகட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். நாற்பது றாத்தல் இருக்கும். பக்ரறியில் நாள் முழுக்க இதைத்தான் தூக்குகிறாள். கொக்கி கழன்றது. கழுத்திலிருந்து இடுப்பு வரை மறைத்தது. அணையைப் பார்த்தபடி, பின்பக்கமாக அடியெடுத்து வைத்தாள்.

"அண்ணை, எனக்குப் பின்னாலை வாங்கோ. குனிஞ்சு."

கணீர். மணிக்கட்டு வரை அதிர்ந்தது. ஒன்று. கணீர். இரண்டு. பல் கிட்டியது. நாக்கில் இரும்பு ருசி. எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினொன்றில் பரிமளத்தை அடைந்தார்கள். கனகசிங்கம் மனைவியை அக்குளில் பிடித்துத் தூக்கினார். அவளுக்குக் காயமில்லை, ஆனால் கண் இமைக்கவில்லை. இருபத்திமூன்றில் கிறவல் குவியல் வந்தது. இருவரும் வானுக்குள் ஏறினார்கள்.

"ஏறு தங்கச்சி! ஏறு!"

வால்ட்டர் இன்னும் அங்கேயே, தன் தகட்டுக்கு முன்னால் சுருண்டு கிடந்தார். தொப்பி கழன்றிருந்தது. நரைத்த தலை. எங்களைத் தனக்கு மறைப்பாய்க் கொண்டுவந்த மனுசன். கிடக்கட்டும் என்று விட்டால் கேட்பார் இல்லை.

"அந்தாளை விட்டிட்டுப் போனால் அது வெண்டதாய்ப் போம்," என்றாள் றோசலின்.

திரும்பி நடந்தாள். இந்த முறை முன்னால். அணையை நோக்கி. ஒவ்வொரு அடியும் நெஞ்சைப் பின்னுக்குத் தள்ளியது. தள்ளத் தள்ளப் போனாள். "அடி," என்றாள் தமிழில். "இன்னும் அடி. எத்தினை வைச்சிருக்கிறாய் பாப்பம்." முப்பது. முப்பத்தேழு. விரல்களில் உணர்வில்லை. நாற்பத்திரண்டில் வால்ட்டரின் பக்கத்தில் நின்று அவரைக் காலால் உதைத்தாள்.

"எழும்பும்."

எழும்பினார். அவளுடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து வந்தார். அவருடைய மூச்சு அவள் பிடரியில் சுட்டது. பாதி வழி. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அவளை விட்டுவிட்டு ஓடினார். நொண்டி நொண்டி ஓடினார். குவியலுக்குப் பின்னால் வான் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

அவளால் ஓட முடியாது. திரும்பினால் முதுகு. தகடு ஒன்றுதான். முன்பக்கத்துக்கு மட்டும்.

ஓரடி பின்னால். இன்னோரடி.

கணீர்ச் சத்தம் நின்றது.

அவள் காத்திருந்தாள். அடி வரவில்லை. கிடங்கில் ஒரு சத்தமும் இல்லை. சூரியன் மேற்குச் சுவருக்குப் பின்னால் இறங்கிப் பனி நீலமாகியிருந்தது.

ஏன் நிறுத்தியது என்று யோசித்தாள். சுடுகிறவர்கள் ஏன் நிறுத்துவார்கள்? சுற்று முடிந்தால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். பட்டதா என்று பார்க்க.

அணையின் பனியில் ஒரு குழி விழுந்தது. சப்பாத்து அளவு. அதற்கு முன்னால் இன்னொன்று.

நாலு இடத்தில். நாலு வரிசை. ஆறுதலாக. கூட்டமாய் வந்தவர்கள் நடப்பது போல.

முதலாவது வரிசை முதலாவது தகட்டடியில் நின்றது. தகடு மெல்லத் திரும்பியது. யாரோ பிடித்துத் திருப்பிப் பார்ப்பது போல. இரண்டாவது, இரண்டாவதடியில். மூன்றாவது, மூன்றாவதடியில்.

நாலாவது வரிசை வெறும் சங்கிலியடியில் நின்றது. சங்கிலி ஆடியது.

பிறகு அது அவளை நோக்கி வந்தது.

வான் ஹோர்ன் அலறியது. "றோசலின் அக்கா!" பரிமளத்தின் குரல். "ஓடி வாங்க! அக்கா!"

பனி நெரிந்தது. நெரிந்தது. நெரிந்தது. தகட்டுக்கு மறுபக்கம், ஒரு முழத்தில், நின்றது.

அவள் கால்களை அகட்டி வைத்தாள்.

தகட்டின் பாரம் குறைந்தது.

பாதியாய்க் குறைந்தது. மறுபக்கம் பிடித்திருந்தது. மேல் விளிம்பில் படிந்திருந்த உறைபனியில், அவள் நாடிக்கு நேரே, பக்கம் பக்கமாக விரல் அளவில் நாலு இடம் கரைந்தன. சற்றுத் தள்ளி இன்னும் நாலு.

இழுத்தது. மெதுவாக. தன்னுடையதை எடுப்பது போல.

"விடமாட்டன்," என்றாள் றோசலின்.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தது. அவள் குதிகாலைப் பனியில் ஊன்றி, எதிர்ப்பக்கம் இழுத்தாள். விளிம்புக்கு அப்பாலிருந்து அவளுடைய முகத்தில் சூடாக மூச்சுப் பட்டது.

அணையடியில் மூன்று தகடுகளும் ஆட்டம் நின்றன. அங்கே நின்றிருந்த மூன்று காலடி வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, அவளை நோக்கி வரத் தொடங்கின.

அவள் விடவில்லை.