சாவிக்குள் விழுந்த ‘ஓ’

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு மழை மாலையையும் ஒரே ஒரு எழுத்தையும் வைத்து ஒரு கதை சொல்கிறேன்...

அவளை வீட்டில் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணியில் எம்பிராய்டரி போடுகிறவள். பேச்சும் சுருக்கென்று இருக்கும். லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறதென்று தானே ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள்.

“கடையில குடுத்துடு, ஊசி” என்றான் அண்ணன்.

“என் வேலை எனக்குத் தெரியும்.”

எல்லாம் வந்தது. டிசைன் போடும் சாப்ட்வேர் மட்டும், ‘இந்த உரிமம் வேறொரு கணினியில் உள்ளது’ என்று அடம்பிடித்தது. மறுநாள் ஒரு மணப்பெண்ணின் ஆடையைக் கொடுத்தாக வேண்டும்... அவளுடைய முதல் பெரிய ஆர்டர்.

லேப்டாப்பை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடினாள். அந்த சாப்ட்வேரை விற்ற அலுவலகத்தின் வாசலில், கதவைப் பூட்ட வந்தவன்மேல் மோதிக்கொண்டாள். அவள் கோட்டிலிருந்து தெறித்த தண்ணீர் அவன் மூக்குக்கண்ணாடி முழுக்க... கழற்றித் துடைத்தான். அந்தக் கண்கள்தான் எத்தனை அமைதி. சொல்ல வந்தது அவளுக்கு மறந்தே போனது.

“பூட்டற நேரம்ங்க.”

“என் சாப்ட்வேரும் பூட்டித்தான் கிடக்கு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே விட்டான். பார்த்தான்.

“ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி பழைய ஆக்டிவேஷனை எடுத்து விட்டிருக்கணும். உரிமம் இன்னும் பழைய வீட்லயே குடியிருக்கறதா நினைச்சிட்டிருக்கு.”

“திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். திறப்பீங்களா?”

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கிருந்தவர் உரிமத்தைத் திறக்கும் புதுச் சாவியின் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, இவன் உரக்கத் திருப்பிச் சொன்னான், அவள் அடித்தாள். தவறு என்றது திரை. மறுபடியும்... தவறு.

“இன்னொரு தடவை தப்பானா நாளைக்கு வரைக்கும் பூட்டிக்கும்” என்றான்.

“நீங்கதான் தப்பா சொல்றீங்க.”

“நீங்கதான் தப்பா அடிக்கறீங்க.”

விருட்டென்று எழுந்தாள். வாசல்வரை போனாள். அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது... அந்த மணப்பெண்ணின் முகமும். கண் நிறைந்துவிட்டது. திரும்பாமலே நின்றாள்.

“உள்ள வாங்க” என்றது அவன் குரல். “தப்பு என்னோடதாவே இருக்கட்டும். அடிச்சதைக் காட்டுங்க.”

காட்டினாள்.

“நடுவுல இந்த ‘ஓ’ எங்கேர்ந்து வந்தது? கடைசி எழுத்துக்கு இடமே இல்லாம போச்சே...”

“நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு தடவையும்.”

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு காதுவரை சிவந்துபோனான். போனில் யார் பேசினாலும் “ஓ...” என்று தலையாட்டிக்கொண்டே கேட்பது அவன் வழக்கம்.

“அது எழுத்து இல்லீங்க... என் பழக்கம்.”

அவள் சிரித்தாள் பாருங்கள்... வெளியே மழைகூடக் கொஞ்சம் மெதுவாகப் பெய்ததுபோல் இருந்தது. ‘ஓ’வை எடுத்துவிட்டு, விடுபட்டதை அடித்தாள். சாப்ட்வேர் திறந்துகொண்டது. ஆடையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மழையில் ஊசி மறுபடி வந்தாள். கையில் லேப்டாப் இல்லை.

“இன்னிக்கு என்ன திறக்கலை?” என்று கேட்டான்.

“நான்தான்...” யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினாள். “அன்னிக்கு நீங்க கூப்பிடலேன்னா அப்படியே போயிருப்பேன். அதை நினைச்சா பயமா இருக்கு. எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு.”

கண்ணாடியைக் கழற்றினான். அதில் ஒரு துளிகூட இல்லை, ஆனாலும் துடைத்தான்.

“ஓ...” என்றான்.

“இது பழக்கமா, பதிலா?”

“பதில்தான்... இந்தத் தடவை சேர்த்தே அடிச்சுக்கோங்க.”

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, கோபித்துக்கொண்டு வாசல்வரை போகிறவர்களை உள்ளிருந்து ஒரு குரல் கூப்பிடட்டும். பூட்டியதெல்லாம் சிரிப்பில் திறக்கட்டும். எல்லோரும் நன்றாயிருங்கள்.