துணையுணர்வி பொருத்தும் வரிசை

காலை ஆறு மணிக்கு இடது காதின் பின்புறம் லேசாக அரிக்கும். நிலவின் மூன்றாம் வளையக் குடியிருப்பில் இருந்த நாலாயிரம் பேரும் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டேதான் எழுந்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் மனச்சீரி, முந்தைய நாளின் துயரத்தை அளந்து, அதற்கேற்ற மருந்தை இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். உடனே அந்த அளவு மணிக்கட்டில் ஓர் எண்ணாகத் தெரியும். மூன்று வந்தால் நல்லது. ஆறு வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பதைத் தொட்டவர் 'நிலவுக்கு ஒவ்வாதவர்'. மாதக் கடைசியில் கிளம்பும் கப்பலில் அவரைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று சவரியப்பனின் எண் எட்டு.

அவர் வளையத்தின் வெளிச்சுவரில் வெல்டர். தூத்துக்குடியிலிருந்து வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. மனைவி இல்லை. மகள் ஜெசிந்தா இங்கேயே பிறந்தவள். நிலவின் மறுபக்கத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இங்கே பிறந்தவர்களின் எலும்பு பூமியின் இழுவையைத் தாங்காது. அவரை அனுப்பிவிட்டால், அவள் பின்னால் போக முடியாது.

"எத்தனை அண்ணாச்சி?" என்று கேட்டாள் பக்கத்து அறை இளவெயினி. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவளுக்கு.

"எட்டு. நல்லதையே நினைக்கப் பழகணும்ங்காரு டாக்டரு. நானும் நினைச்சுத்தான் பாக்கேன். நினைக்க நினைக்க ஏறுது."

இளவெயினி மாலை வகுப்பில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்குத் தூக்கம் வராவிட்டால் அவரை விசாரிக்கலாம், ஒரு தெருவுக்கே தூக்கம் வராவிட்டால் தெருவைத்தான் விசாரிக்க வேண்டும் என்று முதல் பாடத்தில் குறித்துவைத்திருந்தாள். இந்த வளையத்தில் ஆறுக்கு மேல் எத்தனை பேர் என்று பார்த்தாள். பாதிப்பேர் இருந்தார்கள். பாதிப்பேருக்கும் நல்லதை நினைக்கத் தெரியவில்லையா?

கேள்வித்தாள் தயாரித்து நூற்றுப்பன்னிரண்டு கதவுகளைத் தட்டினாள். 'வருத்தமாக இருக்கிறதா?' என்ற முதல் கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றார்கள். கேள்வியே தவறு என்று புரிய மூன்று நாள் ஆனது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'நேற்று யாரிடம் பேசினீர்கள், எதைப் பற்றி?' என்று மாற்றிக்கொண்டு மறுபடி முதல் கதவிலிருந்து தொடங்கினாள். வேலை தவிர வேறெதுவும் யாரிடமும் பேசவில்லை என்றவர்கள் தொண்ணூற்று நான்கு பேர்.

எண்கள் ஏறத் தொடங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொதுச் சாப்பாட்டுக்கூடத்தை மூடிய மாதத்தில். அதை யாரும் கெட்ட எண்ணத்தில் மூடவில்லை. தட்டோடு நின்று நேரம் வீணாகிறது என்று மக்களே கேட்டுக்கொண்டதுதான். இப்போது அவரவர் விரும்பிய நேரத்தில், அறைச் சுவரிலிருக்கும் சிறு கதவு வழியாகச் சூடான சாப்பாடு வந்துவிடுகிறது. ஐந்தாம் வளையத்தில் இன்னும் சுவர்க்கதவு வைத்து முடியவில்லை. அங்கே கூடம் நடக்கிறது. அங்கே யாருடைய எண்ணும் நான்கைத் தாண்டவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகும் தன் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்றே அவளுக்குப் பட்டது. நல வாரியத்துக்கு எழுதிய அறிக்கையில் 'இருக்கலாம்' என்ற சொல்லை ஏழு இடங்களில் சேர்த்தாள்.

நல வாரிய இயக்குநர் தயாபரன் நல்ல மனிதர். கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"இந்த ஏழு 'இருக்கலாமை'யும் எடுத்துடும்மா. நீ சொல்றதுதான் சரி. தனியா சாப்பிடறாங்க. அதான் விஷயம்."

"அப்ப கூடத்தைத் திறந்துடலாமா சார்?"

"கூடத்துல இப்ப கிடங்கு ஓடுதே. அதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சுடலாம்."

இரண்டு வாரத்தில் துணையுணர்வி தயாரானது. வலது காதின் பின்னால் பொருத்தும் கருவி. சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே யாரோ இருப்பது போன்ற உணர்வைத் தரும்.

பொருத்துவதற்கு ஒரே அறை, ஒரே ஆள். கருவியைச் சீக்கிரம் கொடுக்கும் அவசரத்தில் மற்ற ஏற்பாடுகளை வாரியம் யோசிக்கவில்லை. வரிசை தாழ்வாரத்தைச் சுற்றி வளைந்தது. தினம் மூன்று மணி நேரம் நின்று, முறை வராமல் திரும்பி, மறுநாள் அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

"உள்ள போனவரு என்ன, மாப்பிள்ளை அலங்காரமா பண்ணிக்கறாரு?" என்றாள் சவரியப்பனுக்கு முன்னால் நின்ற பம்ப் ஆபரேட்டர் மரகதவல்லி. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க அடுத்த சந்துதானே? கூடத்தை மூடினதுக்கப்புறம் இந்த மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"பாத்தாச்சுல்லா. வருத்தமா இருந்தா டாக்டர்ட்டச் சொல்லும்."

"ஏற்கெனவே ஏழு. உங்க மூஞ்சிக்கும் சேத்து மருந்து குடுப்பாரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ வறுத்த கடலையைக் கொடுத்தனுப்ப, அது கைமாறிக் கைமாறி வரிசையின் கோடிவரை போய்த் தீர்ந்தது.

இரண்டாம் நாள் சவரியப்பனின் எண் ஆறு. நான்காம் நாள் நான்கு. அவருக்கு இன்னும் முறை வரவில்லை.

வாரியம் கூட்டம் கூட்டியது. எண்கள் குறைந்துவிட்டதாகவும், ஒன்பதை நெருங்கியோர் பட்டியலிலிருந்து சவரியப்பனின் பெயர் நீக்கப்பட்டதாகவும் தயாபரன் அறிவித்தார். இளவெயினி எழுந்தாள். எழுமுன் கணக்கை மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

"சார், இதுல முந்நூறு பேருக்கு இன்னும் கருவியே பொருத்தலை. அதுக்கு முன்னாலயே இறங்கிருச்சு."

தயாபரன் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "அப்ப வரிசையில நின்னதுதான் மருந்துங்கறியா?"

"இருக்கலாம் சார்."

அவர் கூட்டத்தைப் பார்த்து நியாயமாகத்தான் கேட்டார். "இனிமே ஆளே வீட்டுக்கு வந்து பொருத்திடற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கோம். வேண்டாம், வரிசையிலயே நிக்கறோம்ங்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. சவரியப்பன் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"உக்காரு தாயி. எங்களுக்காவத்தான் பேசுத, தெரியுது. ஆனா காலு கடுக்க நிக்க யாருக்குப் பிடிக்கும்?"

"ஆமா, எனக்கு முட்டி வேற வீங்கிருச்சு" என்றாள் மரகதவல்லி.

மறுநாளே சவரியப்பனின் அறைக்கு ஆள் வந்தார். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. உட்காரச் சொன்னதற்கு, இன்னும் நாற்பத்தொரு வீடு இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாடு வந்தபோது எதிரே யாரோ இருப்பது போலத்தான் இருந்தது. "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, என்ன?" என்றார் சவரியப்பன். எதிரிலிருந்து ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

ஒரு வாரத்தில் அவருடைய எண் ஏழானது.

அன்று காலை சுவர்த்திரை ஒளிர்ந்து, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டது. சவரியப்பன் காதின் பின்புறத்தைச் சொறிந்தபடி யோசித்தார். பொருத்த வந்தவர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தினார். கீழேயிருந்த கட்டத்தில் எழுதினார்: 'சீக்கிரம் முடிந்தது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.'