கழுத்தைப் பார்க்கவில்லை

குளத்துப் பக்கமிருந்து உப்பு வாடை வந்தது. கடல் எங்கே, கூத்தாநல்லூர் எங்கே? வெண்ணாற்று வெள்ளம் புகுந்து நிரம்பிய பள்ளிவாசல் குளத்தில் உப்புக்கு என்ன வேலை? முத்துப்பேட்டையில் பிறந்து, அலையாத்திக் காட்டுச் சேற்றை மோந்தே வளர்ந்த ஹபீபுன்னிசா, மழை சொட்டும் முற்றத்தில் நின்று மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். அதே வாடைதான்.

மத்தியானம் கணவன் ஜாபிர் போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளத்தோடு குளத்துக்குள் வந்துவிட்ட முதலை, ஆகாயத்தாமரைக்கு வெளியே முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் ஊரிலேயே இருக்கும்போது ஜமாஅத்தார் வேறு யாரைக் கேட்பார்கள்?

"மூக்கு குச்சியா நீளல, கரியல் இல்ல. வாய மூடியும் கீழ்ப்பல்லு தெரியுது, அலிகேட்டரும் இல்ல. அகல மூஞ்சி. நம்ம கொள்ளிடத்து முதலைதான் மச்சான். அதுபாட்டுக்குக் கெடக்கும், ஆளுங்க கிட்ட வராது."

அவள் பேச்சை நம்பிப் படித்துறையை மறித்திருந்த மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள். மக்ரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய ஜாபிரும் இப்போது அங்கேதான் போயிருக்கிறான்.

கரண்ட் போனது. இருட்டில் அவள் போன் மினுங்கியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் காதர் மைதீன் இன்னொரு படம் அனுப்பியிருந்தார். 'நீங்க சொன்ன மாதிரியே சாதுவா கெடக்கு டீச்சர்.'

இந்தத் தடவை ஆகாயத்தாமரை விலகியிருந்தது. தலைக்குப் பின்னால், கொள்ளிடத்து முதலைக்குப் பெரிய செதில்கள் புடைத்து நிற்கவேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் கழுத்து.

உவர்நீர் முதலை. இந்தக் கடற்கரையில் அற்றுப்போனதாக அவளே வகுப்பில் சொல்லும் இனம். ஆளைத் தேடி வரும். கவ்விக்கொண்டு புரளும். புரண்டால் கவ்விய கையோ காலோ தனியே பிய்ந்து வந்துவிடும்.

பாவி, நான்தானே சொன்னேன்!

ஜாபிருக்கு அடித்தாள். அவன் போன் கட்டிலில் ஒலித்தது.

ஓடினாள். செருப்பில்லை. சேறு. உப்பு தொண்டையைக் கரித்தது.

கடைசிப் படியில் ஜாபிர் மட்டும் குந்தியிருந்தான். வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள்.

"மச்சான், மேல வாங்க!"

அவன் திரும்பவில்லை.

"சத்தம் போடாத ஹபீபு. கைய விடமாட்டேங்குது. இழுக்கவும் இல்ல. சும்மா புடிச்சுக்கிட்டிருக்கு."

போன் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்தாள். அவன் கைக்குப் பக்கத்தில் அந்தக் கழுத்து. அசைவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

கழுத்து, மெல்ல, ஒரு பக்கமாகப் புரண்டது.