இரண்டு சொட்டுத் தண்ணீர்

"ஐஸா? இதுக்கா?"

"ஏங்க, கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். நான் தரமாட்டேன். வேணும்னா ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக்கங்க."

"எங்க ஊர்ல எல்லாரும் ஐஸ் போட்டுத்தான்..."

"எந்த ஊரு?"

"அமெரிக்கா. கென்டக்கி."

இஸ்பெல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கென்டக்கியாம்... பேச்சில் இந்த ஸ்காட்லாந்து ஸ்பே ஆற்றங்கரை அப்படியே வழிகிறது.

பேருந்து வரும்வரை மழைக்கு ஒதுங்குகிறேன் என்று வந்தவன். அக்டோபர் மழை. வருகிறவர்களுக்கு அவள் விஸ்கி ருசி காட்டும் ஆலையின் சுவைக்கூடத்தில் அவளையும் அவனையும் தவிர யாரும் இல்லை. பாதி முகத்தைத் தாடி மறைத்திருந்தது. கண்கள் மட்டும்... நனைந்த கல்லின் சாம்பல் நிறம். எங்கேயோ பார்த்த கண்கள்.

"இது ரொம்ப சாதுவான விஸ்கிங்க. முதல்முதலா குடிக்கிறவங்களுக்குக்கூட இதைத்தான் குடுப்பேன்" என்றாள்.

"அப்ப டூரிஸ்டுக்குன்னு சொல்லுங்க."

சுருக்கென்றது அவளுக்கு. "சாதுவா இருந்தா மட்டமா? வாய்ல வைக்காமலே பேசுறீங்க."

அவன் கிண்ணத்தை எடுத்தான். குடிக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்து, முகத்தருகே குவித்துக் கண்களை மூடினான்.

"வெனிலா... தேன்... கனிஞ்ச பேரிக்காய். கடைசியில தீயில கருகின ஓக் மரம். அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்தான். நல்லாப் பாத்துப் பாத்து கருக்கியிருக்காங்க."

இஸ்பெலின் கையில் இருந்த தண்ணீர்க் குடுவை அசையாமல் நின்றது. கையில் தேய்த்து மரத்தை முகர்வது அவள் அப்பாவின் வழக்கம். ஆலையின் பீப்பாய்ப் பட்டறைக்கு அவர்தான் மேஸ்திரி. தன்னிடம் தொழில் பழகியவர்களுக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுப்பார்.

"ஸ்ட்ரூவன்... நீயா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "ஐஸ் கேட்டப்பவே திட்டி வெளியே அனுப்பியிருக்கலாம் நீ."

அவனைப் பார்த்து எட்டு வருடம். பட்டறை வழக்கப்படி, பயிற்சி முடிகிற பையனைப் பீப்பாய்க்குள் இறக்கி, வெல்லப்பாகும் கரியும் கோழி இறகும் கொட்டி, முற்றமெல்லாம் உருட்டுவார்கள். எழுந்து வந்தால் அவன் முழுத் தொழிலாளி. ஸ்ட்ரூவனின் முறை வந்த அன்று ஊரே கூடியிருந்தது. அவன் கூட்டத்தில் அவளைப் பார்த்தான். அடுத்த நொடி மதில் ஏறிக் குதித்து ஓடினான். அப்பா அன்றிலிருந்து அவன் பெயரைச் சொன்னதில்லை.

"ஏன் ஓடினே?"

"நீ நின்னுட்டு இருந்தியே... உன் முன்னாடி கோழி மாதிரி உருளணுமா? நீ சிரிச்சிருப்பே."

"கண்டிப்பா சிரிச்சிருப்பேன்."

"பாத்தியா."

"சிரிச்சிட்டு, கழுவிவிட்டிருப்பேன்டா மடையா." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாருக்கும் அவங்க அம்மா வருவாங்க. அம்மா இல்லாத உனக்கு யாரு வருவா? பட்டறைக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு வாளி வெந்நீரும் துண்டும் வெச்சிட்டு நின்னேன்... ஆறிப்போற வரைக்கும் நின்னேன்."

மழை ஜன்னலில் சரிந்துகொண்டிருந்தது. அவன் கிண்ணத்தையே பார்த்தான். பிறகு அதை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். குடித்தான். மெல்ல... ஒரு பழைய கோடைக்காலம் நாக்கில் கரைவதுபோல.

"கென்டக்கில பீப்பாய் செய்யிற கம்பெனியிலதான் இருக்கேன். ஒவ்வொரு தடவை ஸ்காட்லாந்துக்குப் பீப்பாய் ஏத்துறப்பவும் பொறாமையா இருக்கும், இஸ்பெல். அது போகுது... நான் போக முடியல. அத்தை வீட்டை வித்துக் குடுக்கத்தான் வந்தேன். உன்னைப் பாக்காமலே போயிடணும்னு நெனச்சேன். நீ இங்க இருப்பேன்னு தெரியாது." ஒரு கணம் நிறுத்தினான். "அன்னிக்கும் உன்னைப் பிடிச்சிருந்ததாலதான் ஓடினேன். இன்னும் பிடிச்சிருக்கு."

வெளியே பேருந்து வந்து நின்று, ஆள் இல்லை என்று கிளம்பிப் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா உன்னை மன்னிக்கமாட்டாரு" என்றாள். கன்னம் நனைந்திருந்தது.

"முற்றத்துல இருக்காரா?"

"சுத்தியல் சத்தம் கேக்கல?"

கேட்டது. இரும்பு வளையத்தின் மேல், நிதானமாக, கோபமே இல்லாதது போல.

அவன் எழுந்தான். கதவுவரை போய் நின்றான்.

"உருட்டுனா உருட்டட்டும்... ஆனா அவர் முன்னாடி தனியா போய் நிக்கப் பயமா இருக்கு. கூட வர்றியா?"