குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினத்துப் பாழடைந்த கோட்டையைத் தேடி இலக்கியா ஆசைப்பட்டு வரவில்லை. கடலூரில் ஆபீஸ் பயிற்சி மத்தியானமே முடிந்துவிட்டது. பஸ் ஏறினால் சிதம்பரம், வீட்டில் அம்மா, அம்மா கையில் ஒரு போட்டோ. முப்பத்திரண்டு வயதுக்குள் ஆறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போன அலுப்பு... ஏழாவது ஆளுக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பிடிக்கிறதா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. சரி என்று சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. இடிந்த சுவரோரம் ஒதுங்கினாள். அங்கே ஏற்கெனவே ஒருவன், கம்பெனிச் சட்டை பாதி நனைந்து, போனில் பேசிக்கொண்டிருந்தான். தூங்கி ரொம்ப நாளான கண்கள்... ஆனாலும் அழகான கண்கள். அவள் பக்கம் திரும்பியவன் போனில் சொன்னான்.

“இங்கேர்ந்து பாத்தா குண்டு நல்லாவே தெரியுது மச்சான்.”

சுருக்கென்றது. போன மாதம் பெண் பார்க்க வந்தவனும் பஜ்ஜியை முழுசாகத் தின்றுவிட்டு இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

“யாரைப் பாத்து குண்டுங்கறீங்க?”

அவன் மிரண்டுபோனான். அவளுக்குப் பின்னால், தூரத்துத் தென்னந்தோப்பைக் காட்டினான்.

“ஊருங்க அது... குண்டு உப்பலவாடி. எங்க ஊரு.”

சிதம்பரத்துக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவனே விளக்கினான். வெள்ளைக்காரன் இந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் அவனுக்கே சொந்தம் என்று பேச்சாம். ஊர் பேரில் குண்டு ஒட்டிக்கொண்டது அப்படித்தானாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பாழாய்ப்போன அழுகையும் வந்தது. முன்பின் தெரியாதவனிடம் ஆறு பேர் கதையையும் கொட்டிவிட்டாள், ஏழாவது போட்டோ உட்பட. அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கெமிக்கல் கம்பெனி வேலை, சட்டையில் வாடை அடிக்கிறது என்று நாலு வீட்டில் தன்னை வேண்டாம் என்றதை மட்டும் சொன்னான். அட, இவனும் நம்மைப்போலத்தானா... என்று நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டது. பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாவம் பார்த்து எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். பத்தடி போவதற்குள் போன் அடித்தது. அம்மா.

“எடுக்காதீங்க... ஒரு நிமிஷம்.” பின்னால் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. “பாவமெல்லாம் இல்லீங்க. நீங்க கோவமா கேட்டீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு. நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து முறையா கேக்கறேன். இன்னிக்கு மட்டும் சரின்னு சொல்லிடாதீங்க.”

எத்தனை வருஷமாயிற்று மனசு இப்படிப் படபடத்து... அவனைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“அம்மா... அந்த இடம் வேணாம்மா. எனக்கு இங்க ஒருத்தரைப் பிடிச்சிருக்கு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி. இலக்கியா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“அம்மா கேக்குறாங்க... உங்க பேரு என்னங்க?”