இரண்டாவதாக எழுதிய பெயர்

"இரட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னதே இல்லியே, டீச்சர்?"

பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு தணிகைவேல் சார் சிரித்தபடிதான் கேட்டார். தோளில் ஜனத்தொகைக் கணக்கெடுப்புப் பை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் திரும்பினாள்.

"எந்த இரட்டை சார்?"

"இன்னா டீச்சர், என்னாண்டயே மறைக்கறீங்க! நேத்து சாயங்காலம் உங்க வூட்டுக்குக் கணக்கெடுக்கப் போனேன். நீங்க பாகூருக்கு மாத்திர வாங்கப் போயிருந்தீங்களாம். கதவாண்ட ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்துது. பேர் இன்னாம்மான்னேன். செசிலின்னுது. எழுதிக்கினேன். உள்ள எட்டிப் பாத்தா கட்டில்ல அதே மூஞ்சி, அதே பச்சை கவுனு, போத்திக்கினு படுத்துருக்குது. நீ யாருன்னா அதுவும் செசிலிங்குது! அதயும் கீழ எழுதிக்கினேன். உங்க மாமியார் கண்ண மூடி ஜபமாலை உருட்டிக்கினு இருந்தாங்க. இரட்டைக்கு ஒரே பேரு வெச்சது நீங்கதான் டீச்சர். ரேஷன் கார்டுக்கா?"

ஆரோக்கியமும் சிரித்துவைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

அவளுக்கு ஒரே பெண். ஆறு வயது. பத்து பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலில் கட்டிலை விட்டு எழவில்லை. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார், காய்ச்சல் மாறவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, தூக்கக் கலக்கம் என்று இத்தனை நாளும் ஒதுக்கிவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவள் பின்னாலேயே வந்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மார்ச் மாதத்தில், கரும்புச் சோகை எரிகிற புகையையும் மீறி, மாலையானால் வீட்டுக்குள் குப்பென்று ஏறும் ஈர மண் வாசனை. கதவு நிலையில், சின்ன உள்ளங்கை அளவுக்கு, துடைக்கத் துடைக்கத் திரும்பவும் வரும் சேற்றுத் தடம். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், கட்டிலில் இழுத்து இழுத்து வரும் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, கதவுப் பக்கமிருந்து கேட்கும் இன்னொரு மூச்சு.

குழந்தை கண் மூடிக் கிடந்தது. தன் கையாலேயே அதன் கழுத்தில் கட்டிவிட்ட காவி நிற உத்தரியம் வேர்வையில் ஒட்டியிருந்தது. அந்தோணியார் கோயிலில் மந்திரித்து வாங்கிய துணிப்பதக்கக் கயிறு. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மாமியாரிடம் கேட்டாள்.

"அத்தை, நேத்து சார் வந்தப்போ கதவாண்ட யாரு நின்னது?"

ரோசம்மாளின் விரலில் ஜபமாலை நின்றது.

"அறுவத்தொண்ணுலயும் கணக்கெடுக்க வந்தாங்கடி" என்றாள். "என் செசிலிக்கும் இதே மாரி ஜுரம்."

அவ்வளவுதான். திரும்பவும் மணியை உருட்ட ஆரம்பித்தாள். செத்துப்போன நாத்தனார் பேரைத்தான் தன் பெண்ணுக்கு வைத்திருக்கிறது என்பது ஆரோக்கியத்துக்குத் தெரியும். பிரசவித்த அன்றே, தாயைக்கூடப் பார்க்காமல், குழந்தையின் காதில் அந்தப் பேரைச் சொன்னவள் ரோசம்மாள். எப்படிச் செத்தாள் என்று மட்டும் இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. புருஷன் மரியதாசைக் கேட்கலாமென்றால் அவன் டவுனில் மில் ஷிப்டில் கிடந்தான்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், இறந்தவர்களைப் பதிந்துவைத்த அடக்கப் புத்தகங்களை எடுத்துப் போட அலுத்துக்கொண்டார்.

"செத்தவங்க எங்கியும் ஓடிட மாட்டாங்க டீச்சரம்மா. நாளைக்கி வாயேன்."

"இன்னைக்கே பாக்கணும் அய்யா. கொழந்த பொழைக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்தவர் சாவியை எடுத்தார்.

பழைய புத்தகங்கள் பிரெஞ்சில் இருந்தன. கான்வென்டில் படித்தது இதற்காவது உதவிற்று. அறுபத்தொன்று: செசிலி, வயது ஆறு, காய்ச்சல். மாமியாரின் மகள். பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். நாற்பத்தெட்டு: செசிலி, வயது ஆறு, காய்ச்சல். அதே வீடு. இன்னும் பின்னால், முதல் யுத்தம் முடிந்த கையோடு, மை பழுத்துப்போன எழுத்தில்: செசிலி, வயது ஆறு.

"நாப்பத்தெட்டு நல்லா ஞாபகம் இருக்குது" என்றார் உபதேசியார். "பிரெஞ்சுக்காரன் தலைக்கணக்கு எடுத்தப்போ ஆபீசருக்கு வூடு காட்டுனவன் நான்தான். அந்த வூட்டுல ரெண்டு பொண்ணுன்னு எழுதுனாங்க. அடுத்த வாரமே ஒண்ணை எடுத்தாந்து பொதச்சோம்."

"இன்னொண்ணு?"

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "இன்னொண்ணை அப்புறம் யாரும் பாக்கல."

முதல் செசிலியின் பக்கத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் எவரோ ஒட்டியது. 'குடிமதிப்புக் கணக்கெடுக்கச் சென்ற சிப்பந்தி ஒரே வீட்டில் ஒரே பெயருடைய இரு சிறுமிகளைக் கண்டு எழுதியதாகவும், தனக்கு மகள் ஒருத்தியே என்று தாயார் கதறி முறையிட்டதன்பேரில் அதிகாரிகள் ஒரு பெயரை...'

அதற்குக் கீழே பூச்சி தின்றிருந்தது.

ஒரு பெயரை? அடித்தார்களா? அடிக்காமல் விட்டார்களா? ஆரோக்கியம் அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடிக்காமல்தான் விட்டிருப்பார்கள். அதனால்தான் குழந்தை போயிருக்கிறது. ஏழைப் பொம்பளை பேச்சை எந்த அதிகாரி கேட்டான்? கதவோடு நின்றிருந்த அது, எழுதிவிட்டதால் வீட்டுக்குள் வந்துவிட்டது. எழுதியதை அழித்தால் போய்விடும். போய்த்தான் ஆகவேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

தணிகைவேல் சார் இன்று சாயங்காலம் பாகூர் கொம்யூன் ஆபீஸில் தாள்களை ஒப்படைக்கிறார்.

ஏரிக்கரை மேலேயே ஓடினாள். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டாள். எருமை ஓட்டி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "டீச்சரம்மா, இன்னா ஆச்சி?" என்று யாரோ கேட்டது காற்றில் போயிற்று. ஆபீஸ் வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவரின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ஒரு பொண்ணுதான். ஒரு பேரை அடிச்சிடுங்க. கால்ல வுழுறேன் சார்."

"ஐயோ, டீச்சர், இன்னாது இது! எழுந்துருங்க மொதல்ல." அவர் பதறிப்போய்த் தாளைத் தேடி எடுத்தார். "ஒருவேளை பக்கத்து வூட்டுப் பொண்ணு வெளாட்டு காட்டிச்சோ இன்னாவோ. தப்பு என்னுதாவே இருக்கட்டும்."

ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். செசிலி, பெண், ஆறு. செசிலி, பெண், ஆறு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

"ரெண்டாவதா எழுதுனத அடிச்சிடறேன்."

"அடிங்க சார். அடிங்க."

பேனா கீழ்வரியின் மேல் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் சுருக்கமாக ஒரு கையெழுத்து. ஆரோக்கியத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் போட்டாற்போல இருந்தது. வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். படியிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். மண் வாசனை இல்லை. கதவு நிலை துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தது. சமையலறையில் சிரிப்புச் சத்தம்.

"ஆரோக்கியம், ஓடியா!" மாமியாரின் குரல். "ஜுரம் வுட்டுடுச்சிடி! தானா எழுந்து வந்து கஞ்சி கேக்குதுடி!"

சேசுவே. மாதாவே. ஆரோக்கியம் உள்ளே ஓடினாள். அடுப்பு வெளிச்சத்தில் பச்சை கவுனோடு குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ரோசம்மாள் ஊட்ட ஊட்ட, மெல்லாமல் விழுங்கியது. முகத்தில் நல்ல தெளிச்சி. கிண்ணம் காலியானதும் இன்னொரு கிண்ணம்.

"எத்தினி நாள் பசியோ என் கண்ணுக்கு" என்றாள் ரோசம்மாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

ஆரோக்கியம் குனிந்து வாரி எடுக்கப் போனாள்.

கை பாதியில் நின்றது.

குழந்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது.

"உத்தரியம் எங்கம்மா?"

குழந்தை கூடத்துப் பக்கம் விரலை நீட்டியது.

கூடத்தில் விளக்கு ஏற்றவில்லை. கட்டில். கட்டிலின் மேல் போர்வை. போர்வை தலைவரை இழுத்து மூடியிருந்தது. அதற்குக் கீழே, சின்னதாக, நீளவாக்கில் ஒரு மேடு.

ஒரு மூச்சும் கேட்கவில்லை.

இழுத்தாள். நெற்றியைத் தொட்டாள். இத்தனை நாள் கொதித்த நெற்றி. சில்லென்று இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, அம்மா என்று பாதி கூப்பிட்டதுபோல. கழுத்தில் காவி உத்தரியம். அவள் கட்டிய அதே முடிச்சு.

பின்னால் வெறுங்கால் சத்தம் வந்தது. பக்கத்தில் நின்றது.

"கதவாண்ட நின்னுக்கினு மொதல்ல பேரு சொன்னது நான்தானேம்மா?"

அவள் குழந்தையின் குரலேதான்.

பச்சை கவுன் கட்டிலின் மேல் குனிந்தது. சின்ன விரல்கள். நிதானமான விரல்கள். முடிச்சை அவிழ்த்தன. உத்தரியத்தை உருவி எடுத்தன. நகக்கண்ணெல்லாம் ஈர மண்.

அதை ஆரோக்கியத்தின் கையில் வைத்தது. அவள் முன்னால் வந்து நின்று, பின்னலை ஒதுக்கிக்கொண்டு, கட்டிவிடு என்பதுபோலத் தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டியது.

"கட்டிவுடுடி ஆரோக்கியம்" என்றாள் ரோசம்மாள் சமையலறையிலிருந்து. "கொழந்த எவ்ளோ நேரம் அப்பிடியே நிக்கும்?"