எட்டு மணிப் புள்ளி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஃபோன் விடாமல் அடித்தது.

பட்டாபிக்குக் கேட்டது. எடுக்கத்தான் முடியவில்லை... கைகள் இரண்டும் நாற்காலிக்குப் பின்னால் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன!

பின்மண்டை விண் விண்ணென்று தெறித்தது. ஜன்னல் இல்லாத மாடி அறை. கீழே லாரிகளின் உறுமல். மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல்.

ஆரியசாலை மொத்தக் கடைத்தெரு! கோட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

"யாராவது வாங்கோ! காப்பாத்துங்கோ!"

"நல்லா கத்துங்க சாரே. கீழ நூறு பேர் நிக்கான். ஒருத்தனுக்கும் கேக்காது."

எதிரே ஸ்டூலில் லிபின். கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர். லீவு நாளிலும் ஃபோன் போட்டு வேலை வாங்குகிற புண்ணியவான். நேற்று சாயங்காலம், 'வாங்க சாரே, வீட்ல விட்டுருதேன்' என்று காரில் ஏற்றிக்கொண்டவனும் அவன்தான். அவன் கையில் பட்டாபியின் ஃபோன்.

"ஷீஜா விளிக்கா. எதுக்கு? உங்களத் தேட ஒரு ஆளும் இல்லன்னுல்லா நான் நினைச்சேன்?"

சுருக்கென்றது. அவன் சொன்னது ஏறக்குறைய உண்மை. ஐம்பத்து நாலு வயது. மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஷீஜாவை விட்டால், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது.

"காலம்பற எட்டு மணிக்கு அவளுக்கு ஒரு புள்ளி அனுப்புவேன். இன்னிக்கு அனுப்பலை. அதான் கூப்பிடறா."

"புள்ளியா?"

"வெறும் புள்ளி. உயிரோட இருக்கேன்னு அர்த்தம். அவளும் பதிலுக்கு ஒண்ணு வைப்பா. ரெண்டு பேருமே தனியா இருக்கோமே! நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் வீட்டுலயே செத்துக் கிடந்தான், ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர்ல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரிஞ்சிண்டே இருந்துது. ஒருத்தரும் போய்ப் பாக்கலை. அப்புறம்தான் இந்த ஏற்பாடு."

"தினமும் உண்டா?"

பட்டாபி ஒரு கணம் தயங்கினார்.

"தினமும்."

அந்த ஒரு வார்த்தை பொய்!

லிபின் அவருடைய கட்டைவிரலை ஃபோனில் அழுத்தித் திறந்தான். புள்ளியைத் தட்டினான். மணி அடிப்பது சட்டென்று நின்றது.

டிங்!

பதில் புள்ளி வந்து விழுந்தது.

"அடிபொளி! இனி எல்லா நாளும் எட்டு மணிக்குத் தன்னால போகும். டைமர் வச்சாச்சு. நிங்க செத்தாலும் இந்த ஃபோன் உங்கள உயிரோட வச்சிருக்கும்!"

"என்னடா வேணும் நோக்கு?"

"பாஸ்வேர்ட்."

கம்பெனி தயாரிப்பது செயற்கை சுவாச மெஷின். அதை உள்ளேயிருந்து ஓட்டுகிற கெர்னல் என்ற அடிப்படைப் புரோகிராம் பட்டாபியின் பொறுப்பு. அவர் பாஸ்வேர்ட் இல்லாமல் அதில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்ற முடியாது.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரி ஆளுங்க மெஷினைப் பாக்க வராங்க. அந்த நேரம் பாத்து நிங்க எழுதின சாதனம் சிவப்பு விளக்கைப் போட்டுக் கூவும். அதை ஆஃப் பண்ணணும்."

"அது கூவினா ப்ராசஸர் சிக்கிண்டு நிக்கறதுன்னு அர்த்தம்டா! உள்ளே நாலு ப்ராசஸர். ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கறதைப் பாத்துண்டே இருக்கும். பக்கத்து ஆள் அசைவைக் காணோம்னா உடனே கூவி, மெஷினை மறுபடி கிளப்பிவிடும்."

"எதுக்கு? சிக்கினாலும் ஸ்க்ரீன்ல மணி ஓடத்தானே செய்யுது?"

"மணி ஓடும்... காத்து போகாது! டைமர் ஓடறது வேற, வேலை நடக்கறது வேற. படுத்திருக்கறவன் மூச்சு முட்டிப் போயிண்டிருப்பான். ஸ்க்ரீன் பாட்டுக்கு மணி காட்டிண்டிருக்கும். சிக்கலைச் சரி பண்ண ஒரு மாசம் கொடுன்னுதானே கேட்டேன்?"

"ஒரு மாசம் எனக்க கையில இல்ல சாரே." லிபின் எழுந்தான். "திங்கக்கிழமைக்கு முன்னாடி சொல்லுங்க. இல்லேன்னா விதுரா தாண்டி ஒரு டிரைவ் போவோம். பொன்முடி மலை ரோட்டுல வளைவுக்குப் பஞ்சமே இல்ல."

கதவு வெளியிலிருந்து பூட்டிக்கொண்டது.

*

நாட்கள் ஓடின. ஆபீஸில் 'பட்டாபி சார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்' என்று லிபின் சொல்லி வைத்தான். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

வருவான். ரெண்டு இட்லி ஊட்டுவான். அறைவான். பாஸ்வேர்ட் கேட்பான். போவான்.

"இன்னிக்கு என்ன கிழமைடா?"

"எதுக்கு? ஏகாதசி விரதமா?"

ஃபோன் மட்டும் எதிர்ச் சுவரில் சார்ஜரில் தொங்கியது. கண்ணுக்கு எட்டும். கைக்கு எட்டாது.

எட்டு மணி. புள்ளி போனது.

டிங்!

மறுநாள் எட்டு மணி. புள்ளி போனது.

டிங்!

பட்டாபி ஃபோனையே உற்றுப் பார்த்தார்.

மூச்சு விடும் இடைவெளிகூட இல்லையே! இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே! பல் தேய்த்துக்கொண்டிருப்பாள்... பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பாள்... எந்த மனுஷியால் தினமும் மறுநொடியே பதில் வைக்க முடியும்?

புரோகிராம்!

ஷீஜா தன் இடத்தில் ஒரு புரோகிராமை உட்கார வைத்துவிட்டாள். புள்ளி வந்தால் புள்ளி வைக்கும். வராவிட்டால் ஃபோன் அடிக்கும். அந்த முதல் நாள் மணி அடித்ததுகூட...

அடி வாங்கியபோது அழாத பட்டாபி, அப்போது விசும்பி விசும்பி அழுதார். காலையில் எழுந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் ஃபோனைத் தேடி, 'உயிரோடு இருக்கிறேன்' என்று இத்தனை நாள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்? ஒரு டைமரிடம்!

*

அன்று கண் விழித்தபோது சத்தமே இல்லை.

லாரி இல்லை. கூச்சல் இல்லை. எங்கோ ஒரு காக்கை மட்டும் கத்தியது.

லிபின் ஒரு துணியோடு உள்ளே வந்தான்.

"இன்னைக்குக் கீழ ஆள் இல்ல சாரே. வாயைக் கட்டியாகணும்."

கட்டினான். பட்டாபியின் கவனமெல்லாம் தெருவிலேயே இருந்தது.

ஆரியசாலை அடைத்துக் கிடக்கிறது என்றால்... ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிறு காலை ஷீஜா சர்ச்சில் இருப்பாள். அன்று மட்டும் புள்ளி கிடையாது. அவள் போட்ட சட்டம். அந்த நாளைப் பட்டாபிக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் இருக்கிறாரா, போனாரா என்று உலகத்தில் ஒருத்தரும் கேட்காத நாள்! அதற்காகத்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக் காத்திருந்தார்.

எட்டு மணி.

போகக் கூடாத புள்ளி... போனது!

பட்டாபி காதைத் தீட்டிக்கொண்டார்.

டிங் வரவில்லை! புரோகிராமுக்கும் ஞாயிறு விடுமுறையா? அப்படியானால் இந்தப் புள்ளியைப் பார்க்கப் போவது ஷீஜாவேதான். பார்ப்பாளா? பார்த்தால் புரியுமா? பகவானே...

லிபின் பீடி பற்ற வைத்தான். பாதி பீடி கரைந்தது.

டிங்!

ஒரே ஒரு புள்ளி.

அவ்வளவுதான். பார்த்திருக்கிறாள். புள்ளிக்குப் புள்ளி வைத்திருக்கிறாள். பையில் ஃபோனைப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடப் போய்விட்டாள். பட்டாபிக்குள் கடைசியாக இருந்த ஏதோ ஒன்று அணைந்தது.

பீடி தீர்ந்த பிறகும் லிபின் வெகுநேரம் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். பிறகு வாய்த் துணியைக் கீழே இழுத்தான்.

"கடைசியா கேக்கேன். பாஸ்வேர்ட்?"

"நான் செத்தா அழ ஆளில்லைடா. அது நேக்கே தெரிஞ்சு போச்சு." நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "ஆனா அந்த மெஷின்ல படுக்கப்போறவனுக்கு ஆத்துல யாராவது காத்திண்டிருப்பா. சொல்ல மாட்டேன்."

லிபின் மூலையில் கிடந்த தலையணையை எடுத்தான். நெருங்கினான். முகத்தின் மேல் அழுத்தினான். இருட்டு... மூச்சு முட்டியது...

தடால்!

கதவு பெயர்ந்து விழுந்தது.

"அனங்கருது! ஒருத்தனும் அசையக் கூடாது!"

துப்பாக்கியோடு எஸ்.ஐ. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களையும் தள்ளிக்கொண்டு, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை கசங்க... ஷீஜா!

"சாரே! உயிரோட இருக்கீங்களா சாரே?"

"இருக்கேன்... இருக்கேன்டி கொழந்தே!" இருமலுக்கு நடுவே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீ புள்ளி வச்சுட்டுப் போயிட்டேன்னுன்னா நினைச்சேன்!"

"வைக்காம இருந்தா ஃபோனை வச்சிருக்கவன் உஷார் ஆயிருவான்லா? பிரசங்கம் நடக்கு, பைக்குள்ள ஃபோன் துடிக்கு. பாத்தா உங்க புள்ளி! ஞாயித்துக்கிழமை நிங்க வைக்க மாட்டீங்களே! ஒரு புள்ளியை வச்சிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்."

"இந்த இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்டாஃப் எங்க சுத்துதுன்னு பாக்க எல்லார் ஃபோன்லயும் ஒரு ஆப் போடச் சொன்னது ஆரு? இந்த லிபின் சார்தானே!"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஷீஜா பட்டாபியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மத்த நாளெல்லாம் பதில் வச்சது... நான் இல்ல சாரே. புரோகிராம். ஒரு வருஷமாச்சு. மன்னிச்சிருங்க."

"தெரியும்." வீங்கிய கையால் அவள் தலையைத் தொட்டார். "நாளைலேர்ந்து புள்ளி வேண்டாம். ஃபோன் பண்ணி ஒரு வார்த்தை பேசு. போதும்."

கைவிலங்கோடு லிபின் இன்னும் ஃபோனையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் விடாம, கரெக்டா எட்டு மணிக்குத்தானே போச்சு... எங்க தப்பாச்சு?"

பட்டாபி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை லீவு விடுடான்னு உன் கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பேன்... கேட்டியா?"